ஆப்பிரிக்கக் கிராமங்களின் பிறப்பு, இறப்புத் தரவில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

மூன்று மாதத்தில் தரவு கைக்கு வந்துவிடும், ஆறாவது மாதம் கட்டுரை எழுதத் தொடங்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்கினேன். தரவு வந்து சேரவே பதினோரு மாதம் ஆனது. வந்ததைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்ள இன்னும் ஏழு மாதம். இதில் பாதிக் காலம் யாராவது முன்பே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். புள்ளியியல், பொதுச் சுகாதாரம், மக்கள்தொகையியல் படித்துவிட்டு இந்தத் தரவின் பக்கம் வர நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவின் பல கிராமப்புறங்களில் பிறப்பும் இறப்பும் அரசுப் பதிவேட்டில் முழுமையாக ஏறுவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட, ஆய்வு நிறுவனங்கள் ஒரு வட்டாரத்துக்கு எல்லை வகுத்து, அதிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுத்து, ஒவ்வொரு மனிதரையும் பதிவு செய்கின்றன. பிறகு வருடத்துக்கு ஒருமுறையோ மூன்றுமுறையோ அதே வாசலுக்குக் களப்பணியாளர் போகிறார். யார் பிறந்தார், யார் இறந்தார், யார் வந்து சேர்ந்தார், யார் கிளம்பிப் போனார் என்று கேட்டு எழுதுகிறார். இது இருபது, முப்பது ஆண்டுகளாக விடாமல் நடக்கிறது. இவற்றுக்கு மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கண்காணிப்பு மையங்கள் என்று பெயர். துறைக்குள் எச்.டி.எஸ்.எஸ். என்றால் எல்லோருக்கும் புரியும்.

1. கேள்விக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெயர் பெற்ற மையம் என்பதற்காகப் போகாதீர்கள். ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு பலம் உண்டு. உங்கள் கேள்வி அந்தப் பலத்தோடு பொருந்த வேண்டும்.

எச்.ஐ.வி., முதுமை, வேலைக்காக இடம்பெயர்தல் ஆகியவை உங்கள் ஆர்வம் என்றால் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். ம்புமலாங்கா மாகாணத்தின் புஷ்பக்ரிட்ஜ் பகுதியில் இருக்கும் அகின்கோர்ட் மையம் 1992 முதல் நடக்கிறது. குவாசூலு-நட்டாலின் உம்கான்யாகுடே மாவட்டத்தில் இருக்கும் மையம் 2000இல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகள் வழியாக எச்.ஐ.வி. மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 2004இல். அதற்குச் சற்று முன், 2003இல், அப்பகுதியில் வயதுவந்தோரின் ஆயுள் எதிர்பார்ப்பு 49.2 ஆண்டு. அது 2011இல் 60.5 ஆண்டாக உயர்ந்தது என்று காட்டியது இந்த இரண்டாவது மையத்தின் தரவுதான்.

மலேரியா, தடுப்பூசி, குழந்தை நலம் என்றால் கென்யக் கடற்கரையின் கிலிஃபி (2000), மொசாம்பிக்கின் மனீசா (1996), தான்சானியாவின் இஃபகாரா (1996), வட கானாவின் நவ்ரோங்கோ (1993) ஆகியவற்றைப் பாருங்கள். கிலிஃபியில் வீட்டுப் பதிவு மாவட்ட மருத்துவமனையின் அனுமதிப் பதிவோடு இணைக்கப்பட்டிருக்கிறது. வார்டில் சேர்க்கப்பட்ட குழந்தை எந்த வீட்டைச் சேர்ந்தது என்று தெரிவதால் நோயின் விகிதத்தைக் கணக்கிட முடிகிறது. நீண்ட காலப் போக்குதான் வேண்டும் என்றால் செனகலின் நியாகாரை மிஞ்ச ஆள் குறைவு. அங்கே பதிவு 1962இலேயே தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நியாகாரிலும் புர்கினா ஃபாசோவின் நூனாவிலும் வினாத்தாள், களக் கையேடு எல்லாம் பிரெஞ்சில் இருக்கும். மனீசாவுக்குப் போர்ச்சுகீசு. கட்டுரைகள் ஆங்கிலத்தில் வருவதால் இது முதலில் கண்ணில் படாது. மொழிபெயர்ப்பு மென்பொருளை நம்பி நான் ஒரு வினாத்தாளைப் படித்தேன். "வீட்டுத் தலைவர்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொறுப்புகளைக் குழப்பிக்கொண்டு மூன்று வாரம் போனது.

இன்னொன்று. ஒரு மையம் ஒரு நாடு ஆகாது. கிலிஃபியில் கண்டதைக் கிலிஃபியில் கண்டதாகவே தலைப்பில் எழுதுங்கள். "கென்யாவில்" என்று எழுதினால் முதல் மதிப்பீட்டாளரே திருப்பி அனுப்பிவிடுவார்.

2. பூட்டில்லாத கதவை முதலில் தள்ளிப் பாருங்கள்

எல்லாத் தரவுக்கும் ஒப்பந்தம் தேவையில்லை. அகின்கோர்ட் பகுதியில் நாற்பது வயதைக் கடந்த 5,059 பேரிடம் 2014, 2015 ஆண்டுகளில் எடுத்த ஹால்சி என்னும் முதுமை ஆய்வின் தரவை இணையத்தில் பதிவு செய்துகொண்டு பெறலாம். தென்னாப்பிரிக்காவில் மையங்களை ஒன்றிணைக்கும் சாப்ரின் என்ற கட்டமைப்பும், குவாசூலு-நட்டால் மையமும் தனித்தனியே தரவுக் களஞ்சியம் வைத்திருக்கின்றன. சில கோப்புகளுக்குப் பெயர், நிறுவனம், நோக்கம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். சிலவற்றுக்கு விண்ணப்பம் வேண்டும்.

முதுகலை மாணவர் என்றால், என் கருத்தில், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பூட்டிய தரவுக்கு விண்ணப்பித்து, அனுமதி வருவதற்குள் படிப்பே முடிந்துபோனவர் ஒருவரை எனக்குத் தெரியும். முனைவர் பட்டத்துக்குக்கூட முதல் இயலைத் திறந்த தரவில் அமைத்துக்கொண்டு, பூட்டிய தரவை இரண்டாம், மூன்றாம் இயலுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

3. ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கேளுங்கள்

பூட்டிய தரவுதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், முதலில் அனுப்ப வேண்டியது கருத்துருக் குறிப்பு. ஒன்றரைப் பக்கம் போதும். அதில் இவை இருக்க வேண்டும்: ஒரே ஒரு கேள்வி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த வயதினர், எந்தெந்த மாறிகள், ஒவ்வொன்றும் எதற்கு, முடிவுகளை என்ன செய்யப் போகிறீர்கள்.

"முழுத் தரவும் வேண்டும்" என்று எழுதினால் கதை முடிந்தது. நான் அப்படித்தான் எழுதினேன். இரண்டு மாதம் பதிலே இல்லை. பிறகு ஒரு வரியில் வந்தது: "மாறிகளின் பட்டியல் எங்கே?" அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கிராமத்தின் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, உடன்பிறந்தோர் எண்ணிக்கை ஆகிய நான்கையும் சேர்த்தால், பெயரே இல்லாமல் ஒரு குடும்பத்தை அடையாளம் காண முடியும். அதனால் பிறந்த தேதிக்குப் பதில் மாதமும் ஆண்டும், கிராமப் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண் என்று நீங்களே குறைத்துக் கேளுங்கள். விண்ணப்பம் விரைவாக நகரும்.

அங்கே வேலை செய்யும் ஓர் ஆய்வாளரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வதைப் பல மையங்கள் எதிர்பார்க்கின்றன. எதிர்பார்க்காவிட்டாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். சடங்குக்காகச் சொல்லவில்லை. எந்த ஆண்டு வினாத்தாள் மாறியது, எந்தச் சுற்று மழையால் பாதியில் நின்றது, எந்தக் கிராமம் பின்னால் சேர்க்கப்பட்டது என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள்தான் இருக்கும். எந்தக் கையேட்டிலும் முழுதாகக் கிடைக்காது. முதல் மின்னஞ்சலிலேயே ஆசிரியர் வரிசையைப் பற்றிப் பேசிவிடுங்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் பின்னால் மனக்கசப்பாக முடியும்.

4. ஆவணங்களை வரிசையாக அல்ல, ஒரே நேரத்தில் திரட்டுங்கள்

ஆவணங்கள் இவை:

நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ். ட்ரீ என்ற இணையப் பயிற்சி இலவசம். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். உங்கள் வழிகாட்டியும் எடுத்திருக்க வேண்டும் என்று சில குழுக்கள் கேட்கும். பேராசிரியரை உட்கார வைத்துப் பயிற்சி எடுக்கச் சொல்வது எளிதல்ல, எனவே இன்றே தொடங்குங்கள்.

உங்கள் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி. "ஏற்கெனவே திரட்டிய, பெயர் நீக்கிய தரவு, ஆகவே விலக்கு" என்று எழுதிக் கொடுத்தாலும், அந்த விலக்கைக் குழு எழுத்தில் தர வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. குழு எப்போது கூடும் என்று முன்பே விசாரியுங்கள். எங்கள் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். நான் நான்கு நாள் தாமதமாகக் கொடுத்ததால் மூன்று மாதம் போனது.

மையம் இருக்கும் நாட்டின் அனுமதி. மையத்துக்கு ஏற்கெனவே ஒட்டுமொத்த அனுமதி இருக்கும். உங்கள் ஆய்வு அதற்குள் அடங்குமா, திருத்தம் கேட்க வேண்டுமா என்பதை மையம்தான் சொல்லும். கென்யாவில் ஆய்வு செய்ய நகோஸ்டி என்ற தேசிய ஆணையத்தின் உரிமமும் தேவை. உரிமங்களும் அனுமதிகளும் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

தரவுப் பரிமாற்ற ஒப்பந்தம். என்னைப் படுத்தியெடுத்தது இதுதான். மாணவரின் கையெழுத்து செல்லாது, வழிகாட்டியின் கையெழுத்தும் செல்லாது. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் போட வேண்டும்; பல்கலைக்கழகங்களில் அது பெரும்பாலும் பதிவாளர். கோப்பு துறைத் தலைவரிடம் போய், சட்ட ஆலோசகரிடம் போய், அவர் முத்திரைத்தாளில் இருக்க வேண்டும் என்று திருப்பி, மறுபக்கத்தில் இருப்பவர்கள் "முத்திரைத்தாள் என்றால் என்ன?" என்று கேட்க, ஐந்து மாதம் ஓடியது. கடைசியில் அவர்களுடைய படிவத்திலேயே கையெழுத்தாயிற்று. முதல் நாளே படிவத்தை வாங்கிச் சட்டப் பிரிவிடம் காட்டிவிடுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் போபியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், கென்யாவில் 2019ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. அதனால் ஒப்பந்தத்தில் தரவை எங்கே வைப்பீர்கள், யார் திறப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று கேட்பார்கள். "என் மடிக்கணினியில்" என்று எழுதாதீர்கள். குறியாக்கம் செய்த வன்தட்டு, கடவுச்சொல், பூட்டிய அறை என்று எழுதி, எழுதியபடியே நடந்துகொள்ளுங்கள்.

மேலே சொன்ன நான்கில் மூன்றை ஒரே வாரத்தில் தொடங்கலாம். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று போனதுதான் என் பதினோரு மாதத்தின் ரகசியம்.

5. செலவு

தரவுக்கு விலை பெரும்பாலும் இருக்காது. தரவைப் பிரித்துத் தரும் பணிக்குச் சில மையங்கள் கட்டணம் கேட்கலாம். மாணவர் என்று சொல்லிக் குறைக்கக் கேளுங்கள். எனக்கு நெறிமுறைக் குழுக் கட்டணம் 5,000 ரூபாய், கூரியரும் நகல்களும் 3,000 ரூபாய், வன்தட்டு 6,000 ரூபாய் ஆயிற்று. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். அதற்குள் வேலை முடியும் என்பதால் விலை கொடுத்து வேறு மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

பெரிய செலவு கடைசியில் காத்திருக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்கள் பலவற்றில் ஒரு கட்டுரைக்கு 2,000 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். ஏழை நாடுகளுக்கு உள்ள தள்ளுபடிப் பட்டியலில் இந்தியா பெரும்பாலும் இருக்காது. உங்கள் கூட்டாளியின் நாடு இருக்கக்கூடும். இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் தொடர்பு ஆசிரியராக அவரே இருந்தால் கட்டணம் குறையுமா என்று இதழைக் கேளுங்கள். அவர் உண்மையில் உழைத்திருந்தால் மட்டும்.

6. தரவைத் திறந்ததும் விகிதம் கணக்கிடாதீர்கள்

நீங்கள் எதிர்பார்ப்பது ஆளுக்கு ஒரு வரி. வருவது நிகழ்வுக்கு ஒரு வரி. தனிநபர் எண், வீட்டு எண், நிகழ்வு, தேதி. முதல் கணக்கெடுப்பு, பிறப்பு, உள்வருகை, வெளியேற்றம், இறப்பு, கண்காணிப்பு முடிவு என்று நிகழ்வுகள் வரிசையாக இருக்கும். இவற்றை இணைத்து ஒவ்வொருவரும் எந்த நாள் முதல் எந்த நாள் வரை கண்காணிப்பில் இருந்தார் என்ற வசிப்புத் துண்டுகளை உருவாக்குவதுதான் முதல் வேலை. பாதி வேலையும் அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் 2005 ஜனவரி 1 முதல் கணக்கில் இருக்கிறார். 2007 ஜூன் இறுதியில் வெளியேறுகிறார். 2010 ஜனவரி 1 அன்று திரும்பி வருகிறார். அதே ஆண்டு மார்ச் இறுதியில் இறக்கிறார். கண்காணிப்பில் அவர் இருந்தது இரண்டரை ஆண்டும் கால் ஆண்டும், மொத்தம் 2.75 நபர்-ஆண்டு (ஒருவர் ஓராண்டு கண்காணிப்பில் இருந்தால் ஒரு நபர்-ஆண்டு). முதல் தேதியையும் கடைசித் தேதியையும் மட்டும் பார்த்துக் கழித்தால் 5.25 வரும். வகுக்கும் எண் ஏறத்தாழ இரட்டிப்பாகி, இறப்பு விகிதம் பாதியாகிவிடும். அந்த இடைவெளியில் அவர் செத்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது. எனவே அந்தக் காலத்தை எண்ண நமக்கு உரிமை இல்லை.

இத்தோடு முடியவில்லை. அவர் ஏன் திரும்பி வந்தார்? நகரத்துக்கு வேலைக்குப் போனவர்கள் கடுமையாக நோயுற்றதும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்பி அங்கே இறப்பது அகின்கோர்ட் தரவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அந்த மனிதரின் இறப்பு கிராமத்தின் கால் ஆண்டுக் கணக்கில் விழுகிறது. நோய் பிடித்ததோ வேறெங்கோ. "கிராமத்தில் இளைஞர்கள் இவ்வளவு சாகிறார்கள்" என்று எழுதுவதற்கு முன், கடைசியாகத் திரும்பி வந்து எத்தனை மாதத்தில் இறந்தார் என்று ஓர் அட்டவணை போட்டுப் பாருங்கள்.

அடுத்த சிக்கல், யார் குடியிருப்பவர்? ஒரு மையத்தில் மூன்று மாதம் தங்கினால் குடியிருப்பவர், இன்னொன்றில் ஆறு மாதம். அகின்கோர்ட்டில் வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் வேலை பார்த்தாலும், அந்த வீட்டோடு உறவு விடாதவரைத் தற்காலிகப் புலம்பெயர்ந்தவர் என்று வீட்டுக் கணக்கிலேயே வைத்திருக்கிறார்கள். துபாயில் இருக்கும் அண்ணனின் பெயர் நம் வீட்டு ரேஷன் கார்டில் இருப்பதைப் போல. அவரை எண்ணினால் ஒரு விடை, எண்ணாவிட்டால் வேறு விடை. இரண்டில் எது சரி என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. மருத்துவமனைக்கு எத்தனை படுக்கை வேண்டும் என்றால் ஊரில் தூங்குகிறவரை எண்ணுங்கள். குடும்பத்தின் வருமானம் பற்றிய கேள்வி என்றால் வெளியூரில் இருப்பவரையும் எண்ணுங்கள். எது செய்தாலும் கட்டுரையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். இரு மையங்களின் விகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் முன் இந்த வரையறை இரண்டிலும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

இன்னும் மூன்று பொறிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கடைசிச் சுற்றின் வால். என் தரவில் கடைசி ஆண்டு பச்சிளங்குழந்தை இறப்பு பாதியாகக் குறைந்திருந்தது. மகிழ்ச்சியோடு வழிகாட்டிக்கு வரைபடம் அனுப்பினேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்: "கடைசிச் சுற்று எந்த மாதம் முடிந்தது?" பாதிக் கிராமங்களுக்கு அந்த ஆண்டு ஆளே போயிருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசியாகப் போன தேதிதான் அந்த வீட்டின் கண்காணிப்பு முடிவு. அதற்குப் பிந்தைய நாட்களை வெட்டிவிடுங்கள்.

இரண்டு சுற்றுக்கு நடுவே பிறந்து, நடுவிலேயே இறந்த குழந்தை. கேட்டால்தான் தெரியும், தாய் சொல்ல விரும்பாமலும் போகலாம். இதற்காகத்தான் கருவுற்றிருப்பதையே முன்கூட்டிப் பதிவு செய்கிறார்கள். நவ்ரோங்கோ போன்ற இடங்களில் பிறப்பு, இறப்பை உடனுக்குடன் தெரிவிக்க ஊரிலேயே தகவலாளர்கள் இருக்கிறார்கள். கர்ப்பம் பதிவாகி, அதன் முடிவு பதிவாகாத வரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தரத்தை அளக்க இதைவிட எளிய கோல் இல்லை.

ஒரே ஆள், இரண்டு எண். ஒரு கிராமத்திலிருந்து பக்கத்துக் கிராமத்துக்குத் திருமணமாகிப் போன பெண் அங்கே புதிய ஆளாகப் பதிவாகியிருக்கலாம். மையங்கள் இவற்றைத் தேடி இணைக்கின்றன, எல்லாம் அகப்படுவதில்லை. கூடவே தேதிகளையும் ஒரு பார்வை பாருங்கள். மாதத்தின் 1ஆம் தேதியிலும் 15ஆம் தேதியிலும் நிகழ்வுகள் குவிந்திருந்தால், தெரியாத தேதிக்கு யாரோ இட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

7. மரணக் காரணம் என்ற மாறியை நம்புவதற்கு முன்

கிராமத்தில் பெரும்பாலான இறப்புகளுக்கு மருத்துவச் சான்று இருக்காது. எனவே களப்பணியாளர் துக்கக் காலம் கழிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போகிறார். கடைசிக் காலத்தில் கூட இருந்து பார்த்துக்கொண்டவரிடம் கேட்கிறார். காய்ச்சல் எத்தனை நாள், இருமல் இருந்ததா, எடை குறைந்ததா, வயிற்றுப்போக்கு உண்டா என்று நீளும் கேள்விகள். இதற்கு வெர்பல் அட்டாப்சி என்று பெயர். அந்தப் பதில்களிலிருந்து காரணத்தை முன்பு மருத்துவர்கள் படித்துச் சொன்னார்கள். இப்போது பெரும்பாலும் இன்டர்வா, இன்சிலிகோவா போன்ற நிரல்கள் கணிக்கின்றன. இரண்டுமே ஆர் மென்பொருளில் இலவசம்.

இன்டர்வாவை ஓட்டும்போது அது உங்களிடம் கேட்கும்: இந்தப் பகுதியில் எச்.ஐ.வி. அதிகமா, குறைவா, மிகக் குறைவா? மலேரியா? நீங்கள் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்து விடை மாறும். யாரோ போட்ட அமைப்பை அப்படியே விட்டுவிட்டு ஓட்டுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு: இருபது ஆண்டுத் தரவை ஒரே அமைப்பில் ஓட்டுவதா, காலத்துக்கேற்ப மாற்றுவதா என்று யோசிக்காமல் இருப்பது. மாற்றினால், நீங்கள் மாற்றிய ஆண்டில் போக்கிலும் ஒரு படி தெரியும். அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

இன்டர்வா ஓர் இறப்புக்கு அதிகபட்சம் மூன்று காரணங்களைத் தருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவோடு. மிச்சம் "தீர்மானிக்க முடியாதது". முதல் காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்தால், 0.9 உறுதியும் 0.45 உறுதியும் ஒன்றாகிவிடும். நிகழ்தகவைப் பின்னமாகவே கூட்டுங்கள். அரை இறப்பு, கால் இறப்பு என்று அட்டவணையில் வருவது முதலில் உறுத்தும், பழகிவிடும்.

எச்.ஐ.வி.யையும் காசநோயையும் வீட்டார் சொல்லும் அறிகுறிகளை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். தென்னாப்பிரிக்க ஆய்வுகள் பலவற்றில் இரண்டையும் ஒரே பிரிவாக வைப்பது இதனால்தான். உங்களுக்கும் அதையே சொல்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள் 2012, 2016, 2022 என்று பதிப்புகள் மாறியிருக்கிறது. எந்த ஆண்டு இறப்புக்கு எந்தப் பதிப்பு என்று கேட்டு ஒரு பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இறந்தவர்கள் எல்லோருக்கும் இந்த விசாரணை நடந்திருக்காது. குடும்பமே இடம்பெயர்ந்திருக்கலாம், பேச மறுத்திருக்கலாம். விடுபட்டவர்களின் வயதையும் பாலினத்தையும் மற்றவர்களோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடுங்கள். மதிப்பீட்டாளர் கேட்பதற்கு முன்பே நீங்கள் கொடுத்துவிட்டால் ஒரு சுற்றுத் திருத்தம் மிச்சம்.

8. நேரில் போக வாய்ப்புக் கிடைத்தால்

போங்கள். இரண்டு வாரம் போதும். களப்பணியாளரின் பின்னால் ஒரு நாள் நடந்தால், மேலே நான் ஆறாவது தலைப்பில் எழுதியதெல்லாம் தானாகப் புரியும். அகின்கோர்ட்டில் பேச்சு ஷித்சோங்கா மொழியில் நடக்கும், கிலிஃபியில் கிரியாமா மொழியில். நீங்கள் கேள்வி கேட்கப் போகவில்லை, பேசாமல் பாருங்கள்.

அழைப்புக் கடிதத்தைத் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுலா விசாவில் போய் ஆய்வு செய்யாதீர்கள். சென்னையிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு நைரோபி, ஆடிஸ் அபாபா வழியாக டிக்கெட் மலிவாகத் தெரியும். ஆனால் அவை மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகள். அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். அந்த நாடுகளிலிருந்து திரும்பும்போது இந்தியாவிலும் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டு, பாஸ்போர்ட்டின் அசலோடு போங்கள்; நகலை நீட்டித் திரும்பி வந்தவன் நான். புஷ்பக்ரிட்ஜ் பகுதியில் செப்டம்பர் முதல் மே வரை மலேரியா உண்டு. குறைவுதான், என்றாலும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. முடிவுகளை அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

வரைவை முதலில் மையத்துக்கு அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் இதற்குப் பெரும்பாலும் ஒரு கால அளவு இருக்கும், முப்பது நாள் அல்லது அதற்கு மேல். மாநாட்டுச் சுருக்கத்துக்கும் இது பொருந்தும். கடைசி நாள் இரவில் சுருக்கம் அனுப்பிப் பழகியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். அட்டவணையில் ஐந்துக்கும் குறைவான எண்ணிக்கை உள்ள கட்டங்களை மறையுங்கள். சிறிய கிராமத்தில் "ஒரு தற்கொலை" என்பது எண்ணாக இருக்காது. ஊரே அறிந்த ஒருவரைக் குறிக்கும்.

கட்டுரையோடு ஒரு பக்கத் தாளையும் எளிய மொழியில் தயார் செய்யுங்கள். அகின்கோர்ட்டில் மக்களோடு தொடர்பு கொள்ள லிங்க் என்ற தனி அலுவலகமே இருக்கிறது. முடிவுகளைக் கிராமக் கூட்டங்களில் திருப்பிச் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எழுதித் தருவது உங்கள் பொறுப்பு. விகிதம், நபர்-ஆண்டு எதுவும் அதில் வரக்கூடாது. எனக்கு ஓர் இயல் எழுதுவதைவிட அந்த ஒரு பக்கத்துக்கு அதிக நேரம் பிடித்தது.

ஒப்பந்தத்தின் இறுதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே மடிக்கணினி, வன்தட்டு, மின்னஞ்சல் இணைப்பு, வழிகாட்டியின் கணினி என்று எங்கெல்லாம் நகல் இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். ஆய்வு முடியவில்லை என்றால் நீட்டிப்புக் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். முடிந்துவிட்டது என்றால் எல்லா நகலையும் அழித்து, அழித்ததாகக் கையெழுத்திட்ட கடிதம் அனுப்புங்கள். நிரல் கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளரின் கேள்வி எட்டு மாதம் கழித்து வரும்.